மூணாவது கட்டம்

ஒன்று, தன்ஷிகா. இரண்டு, அது. மூன்று, பாடம். மேகலா தன் போனின் படக் கட்டங்களை மறுபடியும் எண்ணிப் பார்த்தாள். ஒன்று, மகள் தன்ஷிகா, காலையில் யூனிஃபார்ம் போட்டு ரெட்டைச் சடை பின்னி வாசலில் நிற்க வைத்து எடுத்த படம். இரண்டு, பச்சைத் துண்டு. மூன்று, அதே பச்சைத் துண்டு. பார்க்க இரண்டும் ஒன்றேதான். ஒரே பாய், ஒரே ஜன்னல் வெளிச்சம், நாலாக மடித்துக் கிடக்கிற ஒரே துண்டு. ஆனால் மூன்றாவதைத் தொட்டால் பாடம் ஓடும், இரண்டாவதைத் தொட்டால் வசந்தாமணி டீச்சரின் மானம் போகும், அதோடு சேர்ந்து இவளுடையதும். கையகலப் போன் அது. அதை இப்படிக் கட்டில் அகலத்துக்குச் சுவரில் விரித்துப் போடுவார்கள் என்று கனவா கண்டாள்? கடைசி பெஞ்சில் ஜன்னலோரமாக ஒடுங்கி உட்கார்ந்துகொண்டு, முந்தானை நுனியை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக, அந்த வெள்ளைப் பலகையில் தெரிகிற தன் வீட்டுச் சாமான்களை அவள் வெறித்துக்கொண்டிருந்தாள். சாமான்கள்தான். தன்ஷிகாவுக்குப் பின்னால் கொடியில் உள்பாவாடை காய்கிறது. அட கருமமே, அது காலையில் கண்ணில் படவில்லையே. இவளுக்கு முன்னால் இரண்டு வரிசையில் பதினாலு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், அத்தனை பேரும் சுத்துப்பட்டுப் பள்ளிக்கூடங்களின் டீச்சர்கள், வாத்தியார்கள். நடுவில் பிளாஸ்டிக் நாற்காலியில் ஆபீசர். வந்ததும் வராததுமாக அவர் சொன்னது ஒன்றே ஒன்று: "பாடம் முடியற வரைக்கும் யாரும் குறுக்க பேசக் கூடாது." அதைச் சொல்லும்போது அவர் இவளைப் பார்த்தாரா, இவளுக்குப் பின்னால் இருந்த சுவரைப் பார்த்தாரா? சுவரைத்தான். இவளை எதற்குப் பார்க்கப் போகிறார்? ஒன்று, தன்ஷிகா. இரண்டு, அது.

நாலாம் வகுப்புப் பிள்ளைகள் இருபத்திரண்டும் தரையில் உட்கார்ந்திருந்தன, மடியில் ஆளுக்கொரு துண்டு. கரட்டுமேட்டில் துண்டுக்குப் பஞ்சமா? வீட்டுக்கு நாலு தறி ஓடுகிற ஊர். வசந்தாமணி டீச்சர் கையிலும் ஒரு துண்டு இருந்தது, சிவப்புக் கரை போட்டது. "இது முழுசு. ஒண்ணு. சரியா கண்ணுகளா?" என்று டீச்சர் தூக்கிக் காட்டினார். அந்தக் கை துண்டைத் தேவைக்கு மேல் இறுக்கிப் பிடித்திருப்பது கடைசி பெஞ்சு வரைக்கும் தெரிந்தது. மற்றவர்களுக்குத் தெரிந்ததோ என்னவோ, இவளுக்குத் தெரிந்தது. அந்தக் கையை மதியச் சாப்பாட்டு வேளையில் மூன்று நாள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவள் அல்லவா. ஆட்காட்டி விரலை வில்லாக வளைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, போனின் கண்ணாடியை ஒரே குத்தாகக் குத்துவார். "குத்தாதீங் டீச்சர், சும்மா பூவத் தொடற மாதிரி தொடுங்க." "எங்கயோ போயிருச்சே ம்மா." "எங்கயும் போகுலீங் டீச்சர், இங்கயேதான் இருக்குது." அந்த 'எங்கயோ போயிருச்சே ம்மா'. அதைத்தான், அதைத்தான் இவள் வாய் வீட்டில் போய் அப்படியே... ஐயோ. முந்தானை விரலை இறுக்கி, நுனி வெளுத்துப் போயிருந்தது. அவிழ்த்துவிட்டாள். கடிகாரம் பலகைக்கு மேலே, பத்து அம்பது. பத்து அம்பதுதானே? பெரிய முள் பத்தில்.

டீச்சராக அவளைத் தேடி வந்தது பொங்கல் லீவு முடிந்த வாரம். கேட்டில் பிள்ளையை விட்டுவிட்டு, வழக்கம்போல் யார் முகத்தையும் பார்க்காமல் திரும்பி நடந்தவளை, "மேகலா, ஒரு நிமிஷம் ம்மா" என்று டீச்சர் நிறுத்தினார். பிள்ளை எதையோ உடைத்துவிட்டாள் என்றே இவள் நினைத்தாள். "ரேவதிங்கறவங்க குரூப்புல சேலை வீடியோ வருதே, அதுல தெரியற கை உங்க கையாமே? தன்ஷிகா சொன்னா." இவள் தலையை மட்டும் ஆட்டினாள். ரேவதி அக்கா அனுப்புகிற சேலைகளைப் பாயில் விரித்து, மடித்து, கரையைத் திருப்பிக் காட்டி, நறுக்கி, ஒட்டி, பாட்டுச் சேர்த்துக் கொடுப்பது இவள் வேலை. முகம் வராது, பேச்சு வராது, கை மட்டும். முகமும் பேச்சும் வேண்டாம் என்பதால்தான் அந்த வேலைக்கே ஒத்துக்கொண்டாள். "அந்தக் கை எனக்கு வேணும்" என்றார் டீச்சர். "சேலைய மடிச்சு மடிச்சுக் காட்டறீங்கல்ல, அதே மாதிரி ஒரு துண்ட மடிச்சுக் காட்டுங்க. பாதி, கால், அரைக்கால். எம் புள்ளைகளுக்கு நாலு வருசமா போர்டுல வட்டம் வட்டமா வரைஞ்சு பாத்துட்டேன், தலையத் தலைய ஆட்டுதுக, ஒண்ணும் ஏறல." ஆபீசர் முன்னால் மாதிரி வகுப்பு எடுக்கிற முறை இந்தத் தடவை டீச்சருக்கு. ஸ்மார்ட் போர்டு வந்து எட்டு மாதமாகிறது, டீச்சர் அதைத் துணி போட்டு மூடி வைத்திருந்தார் என்பது பிள்ளைகள் மூலமாக ஊருக்கே தெரியும். அஞ்சாம் வகுப்பு கிஷோர் சார், சின்ன வயசு, தாடி வைத்தவர், வராந்தாவில் யாரிடமோ சொல்லிச் சிரித்ததை இவளே கேட்டிருக்கிறாள்: "வசந்தாமணி டீச்சரா? போர்ட ஆன் பண்ணச் சொன்னா ஃபேன ஆன் பண்ணிட்டு வந்து உக்காருவாங்க." அன்றைக்கு அது இவளுக்குச் சுருக்கென்றிருந்தது. அன்றைக்கு. அப்புறம் இவள் சொன்னதற்கும் அந்தத் தாடிக்காரர் சொன்னதற்கும் என்ன பெரிய வித்தியாசம்?

வித்தியாசம் உண்டு. இவள் வீட்டில்தான் சொன்னாள். தன் பிள்ளையிடம்தான் சொன்னாள். அது பதிவாகும் என்று நினைத்துச் சொல்லவில்லை. அன்றைக்கு மாசாந்தர பவர் கட். காலையில் ஒன்பது மணிக்குக் கரண்டை நிறுத்தினால்தான் ஊர் வாயை மூடும். மற்ற நாளில் பக்கத்து வீட்டுத் தறி, எதிர்வீட்டுத் தறி, பின்னால் பட்டறையில் பதினாறு தறி, டக்கடக்கு டக்கடக்கு என்று இரைச்சல், அதில் எங்கே பாடம் பேசுவது? பேசவும் வேண்டியிருந்தது இந்தத் தடவை. "கை மட்டும் போதாது மேகலா, நீங்களே சொல்லிக்கிட்டே மடிங்க" என்று டீச்சர் சொல்லியிருந்தார். ஆறு தடவை எடுத்தாள். ஒன்றில் இருமல், ஒன்றில் சேவல், ஒன்றில் "கால்" என்பதற்குப் பதில் "பாதி" என்று சொல்லி, நாக்கைக் கடித்தது வரைக்கும் பதிவாகியிருந்தது. ஆறாவது சரியாக வந்தது. கெட்டதையெல்லாம் ஒவ்வொன்றாக அழித்தாள். காய்ச்சலென்று வீட்டில் இருந்த தன்ஷிகா ஓரமாக உட்கார்ந்து கைதட்டினாள். இவள் போனுக்கு மேலே எட்டிச் சிவப்புப் பொத்தானைத் தொட்டு நிறுத்தினாள். நின்றதா என்ற சந்தேகத்தில் இன்னொரு தடவை தொட்டாள். நின்றது, மறுபடியும் ஓடத் தொடங்கியது. ஆணியில் கட்டித் தொங்கவிட்ட போன், மடித்த துண்டைப் பார்த்தபடியே, இவர்கள் பேசியதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தது. "அம்மா, எங்க டீச்சருக்கு இதெல்லாம் தெரியாதா ம்மா?" "உங்க டீச்சருக்கு ஒரு கட்டத்தைத் தொடறதுக்கே மூணு நாளாச்சுடி. தொடச் சொன்னா குத்தறாங்க, பணியாரம் வெந்துச்சான்னு கம்பிய விட்டுப் பாக்கற மாதிரி." அப்புறம் விரலை வளைத்து, குரலை மெல்லிசாக்கி, "எங்கயோ போயிருச்சே ம்மா!" பிள்ளை உருண்டு உருண்டு சிரித்தாள். இவளும்தான் சிரித்தாள், வீட்டில் மட்டும் வருகிற அந்தப் பெரிய சிரிப்பு. அதற்குப் பிறகு என்னவோ சொன்னாள். என்ன சொன்னாள்? இன்று காலைதான் அந்த இரண்டாவது பச்சைத் துண்டைக் கவனித்தாள். தொட்டுப் பார்த்தாள், தன் குரல் கேட்டது, பணியாரம் வரைக்கும் கேட்டாள், தீயைத் தொட்ட மாதிரி நிறுத்திவிட்டாள். அழித்திருக்கலாம். அழிக்கத்தான் போனாள். இரண்டில் எது எது என்று ஒரு கணம் குழம்பிவிட்டது. நல்லதை அழித்துத் தொலைத்தால்? பள்ளிக்கூடம் போய் நிதானமாகப் பார்த்து அழிக்கலாம், பெல் அடிக்கப் போகிறது, பிள்ளைக்குச் சடை பின்னவில்லை. அப்புறம் என்ன சொன்னோம், அப்புறம்? ஞாபகம் அந்த இடத்தில் வந்து வந்து பணியாரத்திலேயே முட்டி நின்றது.

பள்ளிக்கூடத்தில் நிதானமாகப் பார்க்க யார் விட்டார்கள்? கிஷோர் சார் பென்டிரைவில் ஏற்றிக் கொடுத்திருந்த பாடத்தைப் போர்டு ஏற்கவில்லை. டீச்சருடைய போனில் போர்டின் ஒயரைச் சொருகினால் வாய் சேரவில்லை. ஆபீசர் வண்டி கேட்டில் வந்து நின்றுவிட்டது. முகமெல்லாம் வேர்த்து டீச்சர் வராந்தாவில் ஓடி வந்தார்: "மேகலா, உங்க போனக் குடுங்க, சீக்கிரம்." கையிலிருந்து வாங்கிக்கொண்டே போனார். சுற்றி நாலு பேர் நின்றார்கள், கிஷோர் சாரும் நின்றார். அதுக்குள்ள ஒண்ணு அழிக்கணுங் டீச்சர் என்று எப்படிச் சொல்வது? ஏன் என்று கேட்டால்? "மூணாவது கட்டத்தைத் தொடுங் டீச்சர்" என்று மட்டும் சொன்னாள். "மூணாவது. தெரியும் மேகலா, மூணாவது" என்று டீச்சர் ஜெபம் மாதிரி சொல்லிக்கொண்டே உள்ளே போய்விட்டார். மூணாவது கட்டம். இவள் டீச்சருக்குச் சொல்லிக்கொடுத்ததே அப்படித்தான். எழுத்துத் தெரியாதவள் இல்லை இவள். பஸ் பெயர் படிப்பாள், ரேஷன் கடைப் பலகை படிப்பாள். போனில் பொடி எழுத்தை ஒவ்வொன்றாகக் கூட்டி முடிப்பதற்குள் வெளிச்சம் அணைந்துவிடும், அவ்வளவுதான். அதனால் எல்லாவற்றையும் இடத்தாலும் உருவத்தாலும் வைத்திருந்தாள். கத்திரி போட்ட இடத்தில் வெட்டு, குப்பைத்தொட்டியில் அழி, ரெட்டைக் கோட்டைத் தொட்டால் நிற்கும். இரண்டாம் நாள் டீச்சர் கேட்டார்: "பாடத்த எடுத்ததும் அதுக்கு ஒரு பேரு வெச்சுட்டா தேட வேண்டியதில்லையே மேகலா? 'பின்னம்'னு போட்டுடுங்க." டீச்சர் பார்த்துக்கொண்டிருக்க எழுத்துக் கூட்டி அடிப்பதா? "பேரெல்லாம் எதுக்குங் டீச்சர், எண்ணிக்கிட்டாப் போதும்" என்று அவசரமாக மறித்துவிட்டாள். டீச்சரும், அதுதான் முறை போலிருக்கிறது என்று நம்பி, நோட்டில் எழுதிக்கொண்டார். எண்ணிக்கொள்ள வேண்டும்.

பத்து அம்பத்தேழு. "இத நடுவுல மடிச்சா என்ன ஆச்சு?" "பாதீ!" என்று பிள்ளைகள் கத்தின. ஒரு பையன் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு "பரிவட்டம் டீச்சர்" என்றான், முன்வரிசை டீச்சர்கள் சிரித்தார்கள், ஆபீசர்கூட உதட்டோரம் சிரித்தார். நடக்கிறது. நன்றாகத்தான் நடக்கிறது. டீச்சரின் பிடி தளர்ந்துவிட்டது. துண்டு கையிலிருக்கிற வரைக்கும் அவர் ராணி. இன்னும் ஐந்து நிமிடம், பத்து நிமிடம், மூணாவது கட்டம், பாடம் ஓடும், முடியும், போனை வாங்கிக்கொண்டு ஓடிவிடலாம். இன்றைக்குப் புதன். புதன் என்றதும் எங்கோ ஒரு நூல் அறுந்தாற்போல் இருந்தது. புதன், புதனென்றால்? புதன்கிழமை பதினோரு மணிக்கு ரேவதி அக்கா புது ஸ்டாக் போடுவார். குரூப்பில் சேலைப் படம் வரும். வந்தால் தானாகவே கேலரியில் வந்து உட்காரும், முதல் கட்டத்தில். மற்றதெல்லாம் ஒவ்வொரு கட்டம் தள்ளிப் போகும். நெட்டை அணைக்காமல் கொடுத்துவிட்டாள். அணைத்திருந்தால்? யோசிக்க விட்டார்களா? பதினோரு மணிக்குத்தான் போடுவார் என்று என்ன சட்டம், சில புதன் பன்னிரண்டாகும், ஒருதரம் பேரனுக்குக் காதுகுத்து என்று போடவே இல்லை. அக்கா, இன்னிக்கு உங்களுக்கு ஒரு தலைவலி வரக் கூடாதா? பெருசா வேண்டாம், அரை மணி நேரத்துக்கு.

டிங் என்றது. ஸ்மார்ட் போர்டின் வாயிலிருந்து வந்ததால் கோயில் மணி மாதிரி கேட்டது. பலகையின் நெற்றியில் ஒரு பட்டை இறங்கி, "ரேவதி அக்கா: கண்ணுங்களா ஃபுல் ஜரி வெறும்" என்று காட்டிவிட்டுப் போனது; முன்வரிசையில் ஒரு டீச்சர் "எவ்வளவுன்னு பாக்கறதுக்குள்ள போயிருச்சே" என்றார், சிரிப்பு எழுந்தது. ஆபீசர் கனைத்தார். சிரிப்பு அடங்குவதற்குள் கட்டங்கள் நகர்ந்தன. யாரும் பார்க்கவில்லை. மயில்கழுத்துக் கலரில் ஒரு சேலை முதல் கட்டத்தில் வந்து உட்கார்ந்தது. தன்ஷிகா இரண்டாவதுக்குப் போனாள். மூன்று, பச்சைத் துண்டு. நாலு, பச்சைத் துண்டு. இப்போது மூணாவது, அது. முன்னால் தரையில் உட்கார்ந்திருந்த தன்ஷிகா மட்டும் மெல்ல முதுகைத் திருப்பி அம்மாவைப் பார்த்தாள். அவளுக்குத் தெரியும். காலையில் இவள் அதை ஓடவிட்டு நிறுத்தியபோது, சீப்பைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றவள் அவள்தான். அந்த முகத்தில் இப்போது சிரிப்பில்லை. நாளைக்கும் இந்தப் பிள்ளை இதே தரையில் இதே டீச்சர் முன்னால் வந்து உட்கார வேண்டும்.

இன்னொண்ணு அனுப்பு அக்கா. வேண்டிக்கொள்ளவேண்டிய சாமியை விட்டுவிட்டு மேகலா ரேவதி அக்காவை வேண்டிக்கொண்டாள். ஒண்ணோட நிறுத்தற ஆளா நீ? எப்பவும் ஆறு ஏழு போடுவியே. இன்னும் ஒண்ணே ஒண்ணு வந்தால் மூணாவதில் தன்ஷிகா வந்துவிடுவாள், உள்பாவாடையோடு வந்தாலும் பரவாயில்லை, நாலு பேர் சிரித்துவிட்டுப் போகட்டும். ரெண்டு வந்தால் சேலை. சேலையைத் தொட்டால் சேலைதான் வரும், சேலை பேசாது. அனுப்பு அக்கா. கரும்பச்சை, மாம்பழ மஞ்சள், எது வேண்டுமானாலும் அனுப்பு. போன் பேசாமல் கிடந்தது. இல்லாவிட்டால் எழுந்து சொல்ல வேண்டும். என்ன பெரிய காரியம்? எழுந்து, "டீச்சர், இப்ப அது நாலாவது" என்று சொன்னால் முடிந்தது, நாலே வார்த்தை. மேகலா நாக்கை வாய்க்குள் புரட்டிப் பார்த்தாள், கட்டை மாதிரி கிடந்தது. குறுக்க யாரும் பேசக் கூடாது. அவள் பள்ளிக்கூடத்தில் கடைசியாகக் குரல் எடுத்துப் பேசி இந்த வருசத்தோடு பதினாறு வருசம். ஆறாம் வகுப்பு, கணக்கு, சார் பேர் ராஜரத்தினம். இதே பாடம்தான், மேலே ஒன்று கீழே நாலு. கையைத் தூக்கினாள்: "சார், இன்னொருக்கா சொல்லுங்க சார்." சார் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூட மறந்திருப்பாள். அவர் சிரித்தார். இவளை முன்னால் கூப்பிட்டு, வகுப்பைப் பார்த்து நிற்க வைத்து, "இவளுக்கு இன்னொருக்கா வேணுமாம், எல்லாருமாச் சேந்து சொல்லுங்க" என்றார். நாற்பது பிள்ளைகள் ஒரே ராகத்தில் சொன்னார்கள், சிரித்துக்கொண்டே, மேசையைத் தட்டிக்கொண்டே. அதற்கப்புறம் அவள் எதையும் இரண்டாவது தடவை கேட்கவில்லை. புரியாதது புரியாமலே கிடந்தது. முழுப்பரீட்சைக்கு முன்னாலேயே அம்மா கையைப் பிடித்துப் பட்டறைக்குக் கூட்டிக்கொண்டு போய், தறிக்குக் குச்சியில் நூலேற்றித் தார் சுற்றுகிற வேலையில் சேர்த்துவிட்டாள். அங்கே இரைச்சலில் யார் என்ன கேட்டாலும் பத்துத் தடவை கத்தித்தான் கேட்க வேண்டும். அங்கே அவளுக்குக் குரல் இருந்தது.

"சரி, கையால மடிச்சுப் பாத்தாச்சு. இப்ப ஒருத்தங்க அழகா மடிச்சுக் காட்டப் போறாங்க, பாக்கலாமா?" டீச்சர் சிவப்புக் கரைத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு பலகையிடம் போனார். கையை நீட்டினார். விரல் வளைந்தது. மேகலாவுக்குக் காது அடைத்துக்கொண்டது. எழுந்துவிட்டாளா, உட்கார்ந்தே இருக்கிறாளா என்றும் தெரியவில்லை. பெஞ்சின் விளிம்பு தொடையில் அழுந்திக்கொண்டிருந்தது. கிஷோர் சார் கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு, பார்க்கலாம் என்கிற மாதிரி சாய்ந்து உட்கார்ந்தார். டீச்சர் அவரைப் பார்த்தார், பார்த்துவிட்டுப் பிள்ளைகள் பக்கம் திரும்பிச் சிரித்தார். இத்தனை நாளில் டீச்சர் அப்படிச் சிரித்து இவள் பார்த்ததில்லை, ஜெயித்த பிள்ளை சிரிப்பு. "எத்தனாவது கட்டம்னு எனக்குச் சொல்லிக் குடுத்தவங்க இந்த ரூமுலதான் இருக்காங்க. அவங்க யாருன்னு அப்புறம் சொல்றேன். எண்ணுங்க பாக்கலாம், எல்லாருமாச் சேந்து!" இருபத்திரண்டு பிள்ளைகளும் ஒரே ராகத்தில் தொடங்கின. "ஒண்ணூ." சேலை. எல்லாருமாச் சேந்து. "ரெண்டூ." தன்ஷிகா, நிஜத் தன்ஷிகாவின் வாய் மட்டும் மூடிக் கிடந்தது. மேசையைத் தட்டுகிற சத்தம் எங்கிருந்து வருகிறது, யாரும் தட்டவில்லை, அது இவள் நெஞ்சுக்குள். "மூ"

"நாலுங் டீச்சர்! நாலு! நாலாவதத் தொடுங்க!"

பட்டறைக் குரல். பதினாறு தறி இரைச்சலைத் தாண்டிப் போகிற குரல். ஓடு போட்ட அந்த வகுப்பில் அது சுவரில் மோதித் திரும்பி வந்தது. பதினாலு தலைகள் திரும்பின, ஆபீசரின் நாற்காலி கிறீச்சிட்டது. மேகலா நின்றுகொண்டிருந்தாள். ஆனால் விரல் அதற்குள் தொட்டுவிட்டது. பச்சைத் துண்டு பெரிதாகி, சுவர் முழுக்க விரிந்தது, அதற்குள்ளிருந்து இவளுடைய அந்த இன்னொரு குரல், வீட்டுக் குரல், சிரிப்பு பொங்கப் பொங்க வந்தது: "உங்க டீச்சருக்கு ஒரு கட்டத்தைத் தொடறதுக்கே மூணு நாளாச்சு" நின்றது. டீச்சர் நிறுத்தியிருந்தார். ரெட்டைக் கோட்டை, குத்தாமல், தேடாமல், பூவைத் தொடுகிற மாதிரி ஒரே தொடலில். அவ்வளவு வேகமாக அந்த விரல் போய் இவள் பார்த்ததில்லை. யாரோ மூக்கால் சிரித்தார்கள். "என்னம்மா அது?" என்றார் ஆபீசர். டீச்சர் பலகையைப் பார்த்தபடியே நின்றார். முதுகு மட்டும் தெரிந்தது. பிளவுஸின் முதுகில் வேர்வை ஒரு வட்டமாக ஊறியிருந்தது. "ஒத்திகை பாத்தது சார். மாறி வந்திருச்சு" என்று சொல்லிவிட்டு, பின்னால் போகிற அம்புக்குறியைத் தொட்டு, வாய்விட்டு எண்ணாமல், நாலாவதைத் தொட்டார். பாடம் ஓடியது. "இது ஒரு துண்டு. இத நடுவுல மடிச்சா பாதி" என்று மெல்லிய, பயந்த, நல்ல குரல் ஒன்று சொல்லிக்கொண்டே போக, சுவரில் இரண்டு கைகள் மடித்தன, தரையில் நாற்பத்துநாலு கைகள் மடித்தன. டிங், டிங், டிங் என்று ரேவதி அக்கா இப்போது வரிசையாக அனுப்பினார். "அரைக்கால் டீச்சர்! எனக்கு அரைக்கால் வந்துருச்சு!" என்று பரிவட்டப் பையன் துள்ளினான். ஆபீசர் குனிந்து அந்தத் துண்டை வாங்கிப் பிரித்து, மடிப்புக் கோடுகளை எண்ணிப் பார்த்தார். கைதட்டினார்கள். இதெல்லாம் நடந்தது என்று பிற்பாடு தன்ஷிகா சொல்லித்தான் மேகலாவுக்குத் தெரியும். அவள் எப்போது உட்கார்ந்தாள் என்பதுகூட அவளுக்குத் தெரியாது. டீச்சரின் முதுகில் இருந்த அந்த ஈர வட்டம் காய்கிறதா பெரிதாகிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டீ வந்து, எல்லாரும் வராந்தாவுக்குப் போன பிறகு டீச்சர் போனைக் கொண்டுவந்து நீட்டினார். ஒயர் செருகியிருந்த இடம் சுட்டது. மேகலா தரையைப் பார்த்தாள், டீச்சரின் செருப்பு வார் ஒன்று ஊக்கு போட்டுச் சேர்த்திருந்தது. டீச்சர், மன்னிச்சுக்குங் டீச்சர், வெளையாட்டுக்கு, புள்ளைகிட்ட சும்மா. எல்லாம் உள்ளுக்குள் மட்டும் ஓடியது. கத்துகிற குரல் கத்தி முடித்துத் தீர்ந்துவிட்டது போலிருந்தது.

"மூணு நாள் இல்ல மேகலா" என்றார் டீச்சர். "அஞ்சு நாள். உங்ககிட்ட வர்றதுக்கு முன்னாடி ரெண்டு நாள் கதவச் சாத்திக்கிட்டுத் தனியா உக்காந்து பாத்தேன்."

"அழிச்சர்றேங் டீச்சர். இப்பவே அழிச்சர்றேன்."

"வேண்டாம். எனக்கு அனுப்புங்க. முழுசாக் கேக்கணும்."

குரலில் கோபம் இல்லை, சிரிப்பும் இல்லை. டீச்சர் திரும்பி வகுப்புக்குள் போய், பிள்ளைகள் விட்டுப்போன துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து உதறி மடிக்கத் தொடங்கினார்.

மேகலா தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் நின்றாள். மேலே ஏழு சேலைகள் வந்து உட்கார்ந்திருந்தன. எண்ணாமல், தேடி, அந்தப் பச்சைத் துண்டைத் தொட்டு, போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். பணியாரம் வந்தது. 'எங்கயோ போயிருச்சே ம்மா' வந்தது, கேட்கக் கேட்கக் காது எரிந்தது. நிறுத்தாமல் கேட்டாள். பிள்ளையின் சிரிப்பு ஓய்ந்தது. "அப்ப எங்க டீச்சரு மக்காம்மா?" "வாயிலயே போடுவேன், யாரு மக்கு? நாலு தடவ, அஞ்சு தடவ கேக்கறாங்கடி. வெக்கமே படாமக் கேக்கறாங்க. எனக்கு ரெண்டாவது தடவ கேக்கத் தெரியல, அதான் தார் சுத்தப் போனேன்." அப்புறம் கரண்ட் வந்திருக்கிறது. ஒரு தறி, இரண்டு தறி, பட்டறை முழுக்க, டக்கடக்கு டக்கடக்கு என்று இரைச்சல் ஏறி, அதோடு முடிந்துபோனது. இதைச் சொன்னோமா? சொல்லியிருக்கிறோம்.

பணியாரத்தை மட்டும் நறுக்கிவிடலாம். கத்திரி இருக்கிறது, அவளுக்கு அரை நிமிட வேலை. விரல் கத்திரிக்கு மேலே நின்றது, நின்றது. முழுசாக் கேக்கணும் என்று சொல்லியிருக்கிறார். கத்திரியை விட்டுவிட்டு, டீச்சருடைய படத்தைத் தேடித் தொட்டு, அப்படியே அனுப்பினாள். வட்டம் சுற்றியது. ஒரு டிக் விழுந்தது, இரண்டு விழுந்தது. நீலமாயிற்று.

வகுப்பு ஜன்னல் திறந்திருந்தது. உள்ளேயிருந்து அவளுடைய குரல் அவளுக்கே கேட்டது, சின்னதாக, தகரத்தில் பேசுகிற மாதிரி. பணியாரம். எங்கயோ போயிருச்சே ம்மா. மேகலா தொட்டிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். மக்காம்மா. ரெண்டாவது தடவ. தார் சுத்த. பிறகு தறி இரைச்சல், அதுவும் நின்றது. ஒரு துண்டை உதறுகிற சத்தம்கூட இல்லை. பெல் அடித்தால் தேவலை, யாராவது கூப்பிட்டால் தேவலை, என்று அவள் மூச்சைப் பிடித்து நின்றபோது, உள்ளே மறுபடியும் தன்ஷிகாவின் குரல் கேட்டது: "அம்மா, எங்க டீச்சருக்கு இதெல்லாம் தெரியாதா ம்மா?"

டீச்சர் அதை இரண்டாவது தடவை போட்டிருந்தார்.